நாற்பத்தொரு டாலர் தவறும் பதின்மூன்று டாலர் செடியும்

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். அம்பாசமுத்திரத்துக்காரி எதைப் பற்றிப் பேசினாலும் அதில்தான் தொடங்குவாள். இணையக் கடையில் மூன்று செடிகள், அனுப்பும் செலவும் சேர்த்து 41 டாலர். வீட்டிலிருந்து இருபது நிமிடத் தொலைவில் இருக்கும் சிறிய நர்சரியில் ஒரு தொட்டி 13 டாலர். செடி ஒன்றுக்கு என்று பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே விலைதான். இந்த இரண்டு கடைகளையும், அவற்றில் நான் தேடிப்போன காட்டு ஃபிளாக்ஸ் என்ற நீலப்பூச் செடியையும் பற்றி நான்கு வசந்தம் கழித்து எழுதுகிறேன். செடி வந்து இறங்கிய மறுநாளே ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சலாக வருகிறது. பெண் பார்த்துவிட்டு வந்த அன்று மாலையே இல்லறம் இனிது நடக்கிறது என்று சொந்தக்காரர்களுக்குக் கடிதம் போடுவார்களா?

நாங்கள் இருப்பது பென்சில்வேனியாவின் பக்ஸ் கவுன்ட்டியில், பிலடெல்பியாவுக்கு வடக்கே. வீட்டின் பின்பக்கம் நான்கு ஓக் மரங்களும் ஒரு மேப்பிள் மரமும் நிற்கின்றன. மே மாதம் இலை மூடிவிட்டால் அங்கே வெயில் காசு காசாகத்தான் விழும். பல ஆண்டுகள் ஹோஸ்டா என்ற நிழல் செடியை வைத்துப் பார்த்தேன். மான்கள் அதை முளைக்கீரையைப் போல மேய்ந்துவிட்டுப் போயின.

2021ஆம் ஆண்டு மே முதல் வாரத்தில் நியூ ஹோப் ஊருக்கு அருகே இருக்கும் போமன்ஸ் ஹில் காட்டுப்பூக் காப்பகத்துக்குப் போயிருந்தோம். 1934இல் தொடங்கிய இடம், 134 ஏக்கர் காடு. நடைபாதையை விட்டுச் சற்றுத் தள்ளி, ஓடை இறங்கும் சரிவில், முழங்காலுக்கும் கீழான உயரத்தில் ஒரு நீலப் படுகை. "நம் ஊர் நித்தியகல்யாணி இங்கே எப்படி வந்தது?" என்று கேட்டார் என் கணவர். அவரைக் குறை சொல்ல முடியாது. ஐந்து இதழ், தட்டையான முகம், நடுவில் ஊசியால் குத்தியதுபோல ஒரு துளை, எல்லாம் நித்தியகல்யாணியின் சாயல்தான். நிறம்தான் வேறு. எரிவாயு அடுப்பைச் சிம்மில் வைத்தால் தெரியுமே ஒரு நீலம், அதில் இரண்டு சொட்டுப் பால் விட்டதுபோல. ஃபிளாக்ஸ் என்றால் கிரேக்க மொழியில் சுடர் என்று பிறகு படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எந்த அடுப்பைப் பார்த்து வைத்த பெயரோ, இந்தப் பூவுக்குப் பொருந்திவிட்டது.

இது வட அமெரிக்காவின் கிழக்குப் பாதிக்குச் சொந்தமான செடி. கனடாவின் கியூபெக், ஒன்டாரியோ முதல் தெற்கே புளோரிடா, டெக்சாஸ் வரை காடுகளில் தானாக வளர்கிறது. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு ஃபிளாக்ஸ் டைவரிகாட்டா என்று பெயரிட்டார். மரங்கள் தளிர்த்து முடிப்பதற்குள் கிடைக்கும் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு ஏப்ரலிலும் மே மாதத்திலும் பூத்துவிடும். பூத்தண்டு ஓர் அடி உயரம் எழும்பும். பூக்காத தண்டுகள் தரையோடு படுத்து, மண்ணைத் தொடும் கணுக்களில் வேர் விடும். இந்தக் கடைசிச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பணம் மிச்சமாகும்.

இனி இணையக் கடை. 2022 ஏப்ரலில் பெட்டி வந்தது. கட்டியிருந்த விதத்தை நான் பாராட்டித்தான் ஆக வேண்டும். ஈரக் காகிதம், தொட்டி புரளாமல் அட்டைத் தடுப்பு, ஓர் இலைகூட ஒடியவில்லை. ஒவ்வொன்றிலும் வண்ண லேபிள்: நிழலில் செழிக்கும், மான் தொடாது, வேகமாகப் பரவும், பராமரிப்பு தேவையில்லை. இப்படி ஒரு மருமகள் கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? வாங்கிய மூன்றையும் பூப்பாத்தியில் வைத்தேன். அந்த ஆண்டு பூ இல்லை, அது இயல்புதான். இலைகள் சிறிய கரண்டிபோல வட்டமாகத் தரையை ஒட்டிப் படர்ந்தன. காப்பகத்தில் பார்த்த இலை கூர்மையாக, ஈட்டிபோல இருந்ததாக ஒரு நினைவு. இளம் செடி, போகப்போகச் சரியாகும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

2023 ஏப்ரலில் பூத்தது. ஊதா கலந்த இளஞ்சிவப்பு, பூவின் வாயில் மஞ்சளாக மகரந்தப் பைகள் எட்டிப் பார்த்தன. நான் மருத்துவமனை ஆய்வகத்தில் முப்பது ஆண்டுகள் நுண்ணோக்கியைக் குனிந்து பார்த்தவள், இதை விடுவேனா? காட்டு ஃபிளாக்ஸில் மகரந்தப் பை குழாய்க்குள்ளேயே ஒளிந்திருக்கும். வெளியிலிருந்து துளை மட்டும்தான் தெரியும். எனக்கு வந்திருந்தது அதன் ஒன்றுவிட்ட தங்கையான ஃபிளாக்ஸ் ஸ்டோலோனிஃபெரா, தரையில் தவழும் வகை. அதுவும் அப்பலாச்சியன் மலைக்காட்டுச் செடிதான், அழகுதான், நிழலில் வளர்வதுதான். ஆனால் முருங்கைக்கீரை கேட்டவளுக்கு அகத்திக்கீரையைக் கட்டிக் கொடுத்துவிட்டு இரண்டும் கீரைதானே என்றால் எப்படி?

உண்மையிலேயே அப்படித்தான் சொன்னார்கள். படங்களுடன் கடிதம் அனுப்பினேன். இரண்டையுமே வழக்கில் காட்டு ஃபிளாக்ஸ் என்று அழைப்பதுண்டு என்றும், எப்படியிருந்தாலும் முறையீட்டுக்கான முப்பது நாள் முடிந்துவிட்டது என்றும், அடுத்த கொள்முதலில் பத்து விழுக்காடு தள்ளுபடி தருவதாகவும் பதில் வந்தது. முகத்தைக் காட்டவே ஓராண்டு எடுத்துக்கொள்ளும் செடிக்கு முப்பது நாள் உத்தரவாதம்! கடையின் பெயரை எழுதவில்லை. பாத்தியிலிருந்து அந்த மூன்றையும் பிடுங்கவும் இல்லை. கொடுத்த காசுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆள்மாறாட்டம் என்று வந்துவிட்டதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மே மாதத்தில் இந்தப் பக்கத்துச் சாலையோரங்களில் ஊதாவும் வெள்ளையுமாக இடுப்பளவு உயரத்தில் ஒரு பூ நிற்கும். என் தோழி ஒருத்தி ஒரு கட்டு பறித்துக்கொண்டு வந்து, "அக்கா, நீங்கள் தேடும் ஃபிளாக்ஸ் நெடுஞ்சாலையில் இலவசமாகவே கிடைக்கிறது" என்றாள். இதழை எண்ணச் சொன்னேன். நான்கு. அது டேம்ஸ் ராக்கெட் எனப்படும் ஐரோப்பியச் செடி, கடுகுக் குடும்பம், அதனால்தான் நான்கு இதழ். காட்டுக்குள் புகுந்தால் உள்ளூர்ச் செடிகளை நெருக்கித் தள்ளிவிடும். ஃபிளாக்ஸுக்கு ஐந்து இதழ், இலைகள் எதிரெதிராக இணை இணையாக நிற்கும். டேம்ஸ் ராக்கெட்டில் இலைகள் மாறி மாறி வரும். காட்டுப்பூக் கலவை என்று விற்கும் விதை உறைகளிலும் சில நேரம் இது கலந்திருக்கும். தோழி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

இரண்டாவது கடைக்கு வருகிறேன். ஒரு வயதான தம்பதி தங்கள் வீட்டுக் கொல்லையிலேயே நடத்துகிற நர்சரி, முழுக்க இந்த மண்ணின் செடிகள் மட்டும். இதன் பெயரையும் சொல்லமாட்டேன், காரணம் சுயநலம். அவர்களிடம் ஃபிளாக்ஸ் ஆண்டுக்குச் சில தட்டுகள்தான் இருக்கும். எல்லோரும் அங்கே போய் நின்றால் எனக்குக் கிடைக்காது. இந்தப் பகுதியில் இருப்பவர்கள் போமன்ஸ் ஹில்லுக்கே போகலாம், அங்கேயும் உள்ளூர்ச் செடிகளை விற்கும் நர்சரி இருக்கிறது.

2023 மே மாதம் ஒரு சனிக்கிழமை போனேன். ஆறு செடி வேண்டும் என்றதும் அந்த அம்மாள் எடுத்துத் தரவில்லை. சம்பந்தம் பேச வந்தவர்போல விசாரணை தொடங்கினார். என்ன மரம்? காலை வெயிலா, மாலை வெயிலா? மண் களிமண்ணா? முயல் உண்டா? விழுந்த இலைகளை என்ன செய்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்கு, நகராட்சி வண்டிக்கு வாரிக் கொடுத்துவிடுகிறோம் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிறகு ஒரு தொட்டியைக் கவிழ்த்துத் தட்டி, வேர்க்கட்டியைக் கையில் ஏந்திக் காட்டினார். வெள்ளை வேர், சுற்றிச் சுருண்டு இறுகியிருக்கவில்லை. பூவும் இருந்தது, மகரந்தப் பை வெளியே தெரிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன். "மூன்று போதும். மீதியைச் செடியே உங்களுக்குக் கொடுக்கும். மேப்பிள் அடியில் மட்டும் வைக்காதீர்கள்" என்றார். குறைவாக வாங்கு என்று சொல்கிற கடைக்காரரை என் வாழ்நாளில் அதற்கு முன் பார்த்ததில்லை.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. சனி, ஞாயிறு மட்டும்தான் திறப்பார்கள். காசோலை அல்லது ரொக்கம், அட்டை செல்லாது. மழை பெய்திருந்தால் வழி முழுக்கச் சேறு. லேபிள் பென்சிலில் எழுதியது, முதல் மழையிலேயே பாதி அழிந்துவிட்டது. கணவருக்கு உட்கார ஒரு நாற்காலிகூட இல்லை என்பது அவருடைய தனிக் குறை.

மூன்றில் ஒன்றை மேப்பிள் அடியிலேயே வைத்தேன். சொன்னதைக் கேட்காமல் சோதித்துப் பார்ப்பது ஆய்வகப் பழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம், பிடிவாதம் என்றும் சொல்லலாம். எங்களுடையது நார்வே மேப்பிள். அதன் வேர்கள் மேல் மண்ணிலேயே பாய் பின்னியதுபோல நெருங்கிக் கிடக்கின்றன, நிழலும் அடர்த்தி. ஊற்றிய தண்ணீரை மரம் குடித்தது, செடி வேடிக்கை பார்த்தது. ஆகஸ்டில் அது போய்விட்டது. 13 டாலர்.

ஓக் மரங்களுக்குக் கிழக்கே வைத்த இரண்டும் நிலைத்தன. அங்கே காலை வெயில் இரண்டு மணி நேரம் சாய்வாக விழுகிறது, பிறகு சல்லடை நிழல். லேபிளில் நிழல் என்று ஒற்றைச் சொல்லில் எழுதியிருந்தார்களே, அது இந்த நிழலைத்தான் குறிக்கும். எங்கள் மண் சிவந்த களி. இரண்டு ஆண்டு மட்கிய இலைக் குப்பையை ஒரு கூடை கலந்து, தொட்டியில் இருந்த மட்டத்துக்கே நட்டேன். ஆழமாகப் புதைத்தால் தண்டும் வேரும் சேரும் கழுத்து அழுகும். இலைகளை நகராட்சிக்குக் கொடுப்பதையும் நிறுத்தியாயிற்று. ஊரில் எருக்குழி வைத்திருந்த வீட்டில் பிறந்துவிட்டு, இங்கே வந்து காகிதப் பையில் கட்டிக் குப்பை என்று கொடுத்திருக்கிறேன்.

மான் தொடாது என்ற வரிக்கு வருவோம். ஜூன் மாதம் ஒரு காலை, காபித் தம்ளரோடு போனால் இரண்டு செடியும் பென்சில் சீவியதுபோல நிற்கின்றன. வெட்டு சாய்வாக, சுத்தமாக இருந்தால் முயல். மானுக்கு மேல் வரிசை முன்பற்கள் இல்லை, அதனால் கிழித்து இழுக்கும், தண்டு நார் நாராகத் தொங்கும். எங்களுக்கு வாய்த்தது முயல். அன்றைக்கே கோழிக்கம்பி வலை வாங்கி வந்து, இரண்டடி உயரத்தில் வளையமாகச் சுற்றி, அடியை மண்ணுக்குள் செருகினேன். மூன்று வாரத்தில் வேரிலிருந்து துளிர்த்துவிட்டது, இந்த விஷயத்தில் செடிக்கு முழு மதிப்பெண். அடுத்த ஏப்ரலில் வலைக்குள் மேலிருந்து தலையை விட்டு மொட்டுகளில் நான்கைந்தைக் கிழித்துத் தின்றது யார் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன். லேபிள் எழுதியவர் எங்கள் ஊர் மான்களைச் சந்தித்ததில்லை.

வேகமாகப் பரவும் என்பதும் கதைதான். முதல் ஆண்டு உள்ளங்கை அளவு. 2025 மே மாதத்தில் ஒவ்வொன்றும் ஒரு முறம் அகலம். எனக்கு இந்த வேகம் பிடித்திருக்கிறது. பரவும் என்று வாங்கி வைத்த வேறொன்றை இன்றுவரை பிடுங்கிக்கொண்டிருக்கிறேன்.

பெருக்குவதற்கு நாம் கைகொடுக்கலாம். பூ முடிந்ததும், ஜூன் தொடக்கத்தில், பூத்தண்டுகளைக் கத்தரித்துவிடுவேன். அப்படிச் செய்தால் காற்று உள்ளே போகும். இல்லாவிட்டால் ஜூலைப் புழுக்கத்தில் இலைமேல் திருநீறு பூசியதுபோல சாம்பல் நோய் வரும். தண்ணீரையும் தலையில் ஊற்றாமல் அடியில்தான் ஊற்ற வேண்டும். பிறகு, தரையில் படுத்திருக்கும் தண்டின் ஒரு கணுவைக் கொண்டை ஊசியால் மண்ணோடு அழுத்திக் குத்தி, மேலே ஒரு பிடி மட்கு போடுவேன். நம் ஊரில் மல்லிகைக்குப் போடுகிற அதே பதியன். ஆறேழு வாரத்தில் இழுத்துப் பார்த்தால் பிடித்துக்கொள்ளும். வெட்டி எடுத்து, அடியில் துளையிட்ட தயிர் டப்பாவில் நட்டு நிழலில் வைத்தால் புதுச் செடி. சில்லறை வேலைதான், ஆனால் ஒவ்வொரு டப்பாவைப் பார்க்கும்போதும் 13 டாலர் என்று மனத்துக்குள் மணி அடிக்கிறது.

விதையிலும் வரும், எனக்குத்தான் பொறுமை இல்லை. காய் காய்ந்ததும் தானாக வெடித்து விதையை எறிந்துவிடும். சின்ன வயதில் பட்டாசுக்காயை எச்சில் தொட்டு வெடிக்கவிட்டவர்களுக்கு இது புரியும். இது நனைந்து வெடிப்பதில்லை, உலர்ந்து வெடிக்கிறது. அதைப் பிடிக்கத் துணிப்பை கட்டி, பிடித்த விதைக்குக் குளிர்காலக் குளிரையும் காட்டி, அப்புறம் முளைக்கவைத்து, யாரால் ஆகும்?

பராமரிப்பு தேவையில்லை என்பது மட்டும் முக்கால் உண்மை. உரம் போட்டதில்லை, மருந்து அடித்ததில்லை. 2024 அக்டோபரில்தான் பயந்தேன். பிலடெல்பியாவில் அந்த மாதம் முழுக்க அளக்கத்தக்க மழையே பெய்யவில்லை. ஓக் இலைகள் அப்பளம்போல நொறுங்கின. வாரம் ஒரு முறை ஒவ்வொரு செடிக்கும் ஒரு பூவாளித் தண்ணீர், மேலே நான்கு விரல் கனத்துக்கு இலைச்சருகு, அவ்வளவுதான் செய்தேன். புதுப் பதியன்களில் இரண்டு போயின, தாய்ச்செடிகள் அசையவில்லை. இலையும் குளிர்காலத்தில் முழுக்க உதிர்வதில்லை, பனிக்கு அடியில் வாடிப் பழுப்பேறிக் கிடந்து மார்ச்சில் எழுந்துகொள்கிறது. பக்கத்தில் வைத்திருக்கும் வர்ஜீனியா புளூபெல் என்ற இன்னொரு நீலப்பூச் செடி ஜூன் முடிவதற்குள் சுவடே இல்லாமல் மறைந்துவிடும். அது விட்டுப்போகும் வெற்றிடத்தை இந்த இலைகள்தான் மூடுகின்றன. அடுத்தடுத்து நடுங்கள், இரண்டு நீலமும் ஒரே வாரத்தில் பூக்கும்.

மணத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: இருக்கிறது, ஆனால் மல்லிகையை மனத்தில் வைத்துக்கொண்டு வராதீர்கள். ஒரு பூவை முகர்ந்தால் ஒன்றுமில்லை. முறம் நிறையப் பூத்திருக்கும்போது, காற்றில்லாத மாலையில் குனிந்தால், லேசான தித்திப்பு. என் கணவருக்கு இன்றுவரை அது எட்டவில்லை. பூச்சிகளுக்கு எட்டுகிறது. பூவின் குழாய் நீளம், வாய் சிறியது, அதனால் நீண்ட உறிஞ்சுகுழல் உள்ளவைதான் அடிவரை போய்த் தேனெடுக்க முடியும். மஞ்சளில் கறுப்பு வரி போட்ட பெரிய பட்டாம்பூச்சி வருகிறது. சென்ற மே மாதம் ஒரு நண்பகலில் ஹம்மிங் பறவை என்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தரத்தில் நின்றபடியே பூவுக்குப் பூ தாவியது. சிறகில் கண்ணாடிச் சன்னல், முதுகில் பச்சை ரோமம், தலையில் உணர்கொம்பு. பறவை அல்ல, பகலில் பறக்கும் அந்துப்பூச்சி! 41 டாலரை அந்த நிமிடம் மன்னித்துவிட்டேன், பிறகு மறுபடியும் நினைவு வந்தது.

குனிந்து பார்க்கிறவர்கள் காலுறைக்குள் காற்சட்டையைச் செருகிக்கொள்ளுங்கள். இங்கே உண்ணி கடித்தால் லைம் நோய் வரலாம். அழகெல்லாம் அதற்குப் பிறகு.

பெயர் வைத்த ரகங்களும் கிடைக்கின்றன. புளூ மூன் என்பதில் இதழ்கள் அகலமாகி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். மே பிரீஸ் ஏறக்குறைய வெள்ளை. நர்சரி அம்மாளிடம் புளூ மூன் இருந்தது. பார்த்தேன், அழகுதான். ஆனால் இதழ்களுக்கிடையே இடைவெளியும் நுனியில் சிறு வெட்டும் உள்ள சாதாரண வகைதான் எனக்குக் காட்டை நினைவூட்டுகிறது. அலங்காரத்துக்கு வேண்டுமானால் நீங்கள் அதை வாங்குங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து என் தங்கை விதை கேட்கிறாள். இல்லை என்று சொல்லிவிட்டேன், கருமித்தனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இந்தச் செடிக்கு உறைபனிக் குளிர்காலம் வேண்டும், தாமிரபரணிக் கரையில் அதற்கு எங்கே போவது? நம் ஊர் விதைக்கடைகளில் ஃபிளாக்ஸ் என்று விற்பது வேறு வகை, ஃபிளாக்ஸ் டிரம்மண்டி. ஒரே பருவத்தில் பூத்து முடிந்துவிடும். தாமஸ் டிரம்மண்ட் என்ற செடி சேகரிப்பாளர் டெக்சாஸில் சேகரித்து 1835இல் பிரிட்டனுக்கு அனுப்பிய விதையிலிருந்து உலகம் முழுக்கப் போனது. கார்த்திகையில் விதைத்தால் மாசிக்குள் தொட்டி நிறையப் பல வண்ணத்தில் பூக்கும். அவள் அதை வைக்கட்டும். பெட்டிக்குள் விதையை ஒளித்து விமானம் ஏறும் வயது எனக்குப் போய்விட்டது.

நட்சத்திரம் போட வேண்டும் என்றால்: இணையக் கடைக்கு ஐந்துக்கு இரண்டு, அந்த இரண்டும் பெட்டி கட்டியவருக்கு. நர்சரிக்கு நான்கரை, பிடித்த அரை சேற்றுக்காக. செடிக்கு நான்கு. முயல் வலை போடத் தயாராக இருப்பவர்கள் அதில் அரை கூட்டிக்கொள்ளலாம்.

இப்போது பின்வாசல் படியில் பதினொரு டப்பாக்கள் இருக்கின்றன. மூன்று என் தோழிக்கு, அவள் திரும்பப் பேசத் தொடங்கிவிட்டாள். இரண்டு நர்சரி அம்மாளுக்கு, அவர் கேட்கவில்லை, நானாகக் கொடுக்கிறேன். மீதி ஆறு பக்கத்தில் இருக்கும் யார் வந்து கேட்டாலும் தருவேன். மேப்பிள் அடியில் வைக்க மாட்டேன் என்று சொல்ல வேண்டும், தயிர் டப்பாவைக் கழுவித் திருப்பித் தர வேண்டும்.